வறண்ட வீட்டுக்கு ஏற்ற பாம்பு

பாலைவன நகரமான கிங்மனில் தண்ணீர் மீட்டர் எந்த வீட்டுக்கும் உள்ளே இருப்பதில்லை. வேலிக்கு வெளியே மண்ணில் பதித்த சிமென்ட் குழிக்குள், இரும்பு மூடிக்கு அடியில் இருக்கும். வெல்டா கிரம் இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த மூடிகளைக் கொக்கியால் தூக்கி, உள்ளே இருக்கும் எண்ணைக் குறித்துவருகிறாள். குழிக்குள் சில நாள் சிலந்தி இருக்கும்; சில நாள் பாம்பு இருக்கும். மற்ற ஊழியர்கள் மண்வெட்டியைத் தேடினார்கள். வெல்டா கொக்கியை அடியில் கொடுத்துப் பாம்பை மெல்லத் தூக்கிப் புதரில் விட்டுவிட்டு மீட்டரைப் படித்தாள். பாம்புகளோடு அவளுக்கு உறவு ஏற்பட்டது இப்படித்தான். பள்ளிக்கூடமோ புத்தகப் படிப்போ அதற்குக் காரணம் அல்ல.

அவள் வளர்த்த முதல் பாம்பின் பெயர் பட்டன். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது. நெடுஞ்சாலையோரக் கடைக்காரர், "இது எங்க வேணா வாழும்மா, கவலையே படாதீங்க" என்று சொல்லி விற்றார். அந்தப் பாம்புக்குக் காற்றில் நல்ல ஈரம் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றில் அதன் சட்டை உரியாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டது. கண்மேல் இருந்த தோலும் நீங்கவில்லை. பிப்ரவரியில் பட்டன் இறந்தது. மாவட்டப் பாம்பு வளர்ப்போர் சங்கத்துக்கு அவள் முறைப்படி தகவல் எழுதினாள். சங்கத்தின் செயலாளர் லோவல் டிரெக்ஸ்லர் ஒரே பக்கத்தில் பதில் எழுதியிருந்தார். அதில் ஒரு சொல் இருந்தது: அலட்சியம்.

அந்தச் சொல்லுக்கு வெல்டா பதினொரு கடிதங்களில் பதில் எழுதினாள். எதற்கும் மறுமொழி வரவில்லை. பதினொன்றின் நகல்களும், கடை ரசீதும், கால்நடை மருத்துவரின் குறிப்பும், பட்டன் கடைசியாக உரித்த சட்டையின் ஒரு துண்டும் இரும்பு அலமாரியின் இரண்டாம் இழுப்பறையில் தேதிப்படி இருக்கின்றன. பட்டன் இறந்த மறுவாரமே அவள் ஓர் ஈரப்பதமானி வாங்கி, வாசல் தூணில் ஆணி அடித்து மாட்டினாள். காலையும் மாலையும் அதைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதினாள். மூன்று ஆண்டுகளில் ஒரு வேளைகூட விட்டுப்போகவில்லை. அலட்சியம் என்று எழுதியவருக்கு அவள் சேர்த்துவைத்த பன்னிரண்டாவது பதில் அந்தக் குறிப்பேடு.

இந்த மே மாதம் சங்கம் தன்னிடம் வந்து சேர்ந்த பாம்புகளைத் தத்துக் கொடுப்பதாக அறிவித்தது. தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில் மேசைமேல் ஆறு பெட்டிகள் இருந்தன. வெல்டா குறிப்பேட்டோடு போனாள். லோவல் அவளைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க வெல்டா. இன்னொரு கடிதமா?"

"இல்ல. அளவு. உங்க படிவத்துல வீட்டு ஈரப்பதம் என்னன்னு ஒரு கேள்வி இருக்கு. மூணு வருஷத்துக்குப் பதில் கொண்டாந்திருக்கேன்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். எட்டு, பதினொன்று, ஒன்பது, பதினான்கு சதவீதம். "அடேயப்பா! அஞ்சு நாள் சேர்ந்தாப்ல எழுதினவங்களையே நான் பார்த்ததில்ல."

ஒவ்வொரு பெட்டிமுன்னும் அவள் நெடுநேரம் நின்றாள். சோளப் பாம்பு அழகாக இருந்தது. ஆனால் அதற்கு ஈரமான பாசிப் பெட்டி வைக்க வேண்டும், ஒரு நாள் பாசி காய்ந்தாலும் பட்டனின் கதைதான். பன்றிமூக்குப் பாம்பு வறட்சியைத் தாங்கும். ஆனால் மாதக்கணக்கில் இரையைத் தொடாது என்றார்கள். அந்த மாதங்களைத் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கென்ய மண்ணுளிப் பாம்பு எந்நேரமும் மணலுக்குள்ளேயே கிடக்கும்.

"உயிரோட இருக்கான்னு தினமும் தோண்டியா பார்க்கிறது?" என்றாள் அவள். அந்தப் பெட்டியைத் தாண்டிப் போனாள்.

நான்காம் பெட்டியில் ரோஸி போவா என்ற பாலைவனப் பாம்பு இருந்தது. ஒன்பது வயதுப் பெண் பாம்பு. இரண்டு முழ நீளம், சாம்பல் உடம்பில் மூன்று காவிக் கோடுகள். ஊருக்குத் தெற்கே உள்ள பாறைச் சரிவுகளில் அதன் இனம் தானாகவே திரிகிறது. அவள் கையில் அது விரல்களைச் சுற்றிக்கொண்டு அசையாமல் இருந்தது.

"இதுக்கு ஈரம்தான் எதிரி" என்றார் லோவல். "தண்ணிக் கிண்ணம்கூடச் சின்னதாத்தான் வைக்கணும். உங்க வீட்டு அளவைப் பார்த்தா இதுக்குன்னே கட்டின வீடு மாதிரி இருக்கு. அறுபது நாள் சோதனை. ஒரு தடவை இரையைக் கக்கினா பொறுத்துப் பாருங்க. ரெண்டாவது தடவை கக்கினா மூணு நாளைக்குள்ள எனக்கு எழுத்துல தெரியணும். அப்புறம் இங்கயே திரும்ப வந்துரும்."

"திரும்ப வந்தா, என் பேர்ல என்ன எழுதுவீங்க?"

அவர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையெழுத்திட்டு நகலை வாங்கிக்கொண்டாள்.

பாம்புக்கு அவள் பெயர் வைக்கவில்லை. அறுபது நாள் முடியட்டும் என்று இருந்தாள். பெயர் வைத்தது பக்கத்து டிரெய்லர் வீட்டு ஒஃபீலியா. பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறவள் அவள். வெல்டாவின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமல், கையில் மக்காச்சோள மாவில் அவித்த தமாலே தட்டோடு நின்றபடியே கேட்பாள்:

"ஏண்டி வெல்டா, உன் மகாராணி சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. ரெண்டு தடவை."

"நல்லா இருக்கட்டும். அவ அங்கயே நல்லா இருக்கட்டும். நான் இங்கயே நல்லா இருக்கேன்." பிறகு தட்டை நீட்டி, தன் கையைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வாள். "என் பையன் அந்த ஏசியை மாட்டிவிட்டதுலேர்ந்து தோலெல்லாம் அப்பளமாட்டம் ஆயிருச்சுடி. பழைய கூலரே தேவலை. உன் வீட்டுக் காத்து எவ்வளவு குளுகுளுன்னு வருது பாரு."

மே மாதக் கடைசியில் வெயில் ஏறியது. வெல்டா கூரைமேல் ஏறிக் கூலரின் தண்ணீர் ஊறும் பட்டைகளை மாற்றி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கூடத்தின் கூரையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கியது. பாம்புக்குச் சூடு ஏறக் கூடாது என்று, கண்ணாடித் தொட்டியை அந்தக் காற்று விழும் இடத்துக்கே நகர்த்தினாள். இந்த ஆண்டுதான் அவள் அங்கே நகர்த்திய இரும்பு அலமாரியும் அதன் பக்கத்தில் இருந்தது.

ஜூன் எட்டாம் தேதி பாம்பு இரையைக் கக்கியது. மூன்று நாளைக்கு முன் விழுங்கிய சுண்டெலி பாதி செரித்துத் தொட்டி ஓரத்தில் கிடந்தது. அவள் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தாள். அன்று காலை ஒன்பது, மாலை பதினொன்று. ஈரம் இல்லை. எலி பெரிதாக இருந்திருக்குமோ என்று எண்ணி, இரண்டு வாரம் பட்டினி போட்டுவிட்டுச் சிறிய எலியாகக் கொடுத்தாள். அதன்பின் அவளுக்கு வேலை ஓடவில்லை. மீட்டர் குழிகளுக்கு முன் குனியும்போதெல்லாம் தொட்டிதான் கண்ணில் நின்றது. ஒரே தெருவில் இரண்டு எண்களை மாற்றி எழுதிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் பணியில் அதுவரை நடக்காத ஒன்று அது.

இருபத்தைந்தாம் தேதி அதையும் கக்கியது. மறுநாள் மதியம் வேலை முடிந்து வந்தபோது பாம்பு தலையை உயர்த்தி, வாயைச் சற்றே திறந்து மூச்சு வாங்கியது. உள்ளே நகம் சொடுக்குவதுபோல் சன்னமாக ஓர் ஒலி. வெல்டா தொட்டிமுன் மண்டியிட்டாள். ஒன்பது, பதினொன்று, பத்து என்று அளவுகள் சொல்லின. மூச்சு வேறொன்றைச் சொன்னது. அளவுகள் சரியென்றால் குறை எங்கே? மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

விதி விதிதான். அவள் மேசையில் உட்கார்ந்து தேதிகளை வரிசையாக எழுதி, அளவுகளின் நகலை இணைத்து, அறிக்கையை மடித்தாள். அலமாரியின் முதல் இழுப்பறையிலிருந்து உறை ஒன்றை எடுத்தாள். அதன் வாய் ஒட்டியிருந்தது. பழுதான உறை என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதுவும் ஒட்டியிருந்தது. கட்டு முழுவதையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாற்பது உறைகளும், உள்ளே ஒரு தாள்கூட இல்லாமல், தாமாகவே வாயை மூடிக்கொண்டிருந்தன.

கிங்மனில் அவள் வாழ்ந்த ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் நாக்கால் தடவாமல் உறை ஒட்டியதே கிடையாது. பிசின் தானாக ஒட்ட வேண்டுமென்றால் ஈரம் வேண்டும். இரண்டாம் இழுப்பறையைத் திறந்தாள். பதினொரு கடிதங்களின் நகல்களும் மொரமொரப்பை இழந்து துணிபோல் துவண்டன. அவள் தலையை உயர்த்திப் பார்த்தாள். மேலே, நனைந்த பட்டைகள் வழியே காற்றை இறக்கும் கூலரின் காற்றுவாய்.

வாசல் தூணிலிருந்து ஈரப்பதமானியைக் கழற்றி வந்து தொட்டிக்குள் வைத்தாள். முள் பதினொன்றில் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு. நாற்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. ஒரு மணி நேரத்தில் அறுபத்தொன்றில் வந்து நின்றது.

ஏன் வெளியே மாட்டினோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் அவமானப்படும் அளவுக்கு எளிதாக இருந்தது. மீட்டர் என்றால் வெளியேதான் இருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாமல் அந்த வீட்டின் தண்ணீரை அளந்தவள் அவள். மூன்று ஆண்டுகளாக அளந்தது பாலைவனத்தின் காற்றை. வீட்டுக் காற்றை ஒரு வேளைகூட அளக்கவில்லை.

கூலரை நிறுத்தினாள். அரை மணியில் தகரக் கூரை சூடேறித் தொட்டிக்குள் முப்பத்தாறு பாகை காட்டியது. பாம்பு தரையோடு தட்டையாகக் கிடந்தது. மீண்டும் கூலரைப் போட்டாள். போட்டால் ஈரம், நிறுத்தினால் வெந்துவிடும். அறிக்கை தபாலில் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். உள்ளதைச் சொல்லாமல் பழைய அளவுகளை மட்டும் அனுப்பினால் அவள் பெயர் தப்பும். காரணம் தெரியாத நோய் என்று எழுதுவார்கள், பாம்பு போய்விடும். அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"லோவல், வெல்டா பேசுறேன். ரெண்டாவது தடவையும் கக்கிருச்சு. வாயைத் திறந்து மூச்சு விடுது. நான் உங்ககிட்ட காட்டின அளவெல்லாம் வாசல்ல எடுத்தது. உள்ள அறுபத்தொண்ணு. கூலர். நான் பார்க்கல."

"மூணு வருஷமும் வாசல்லயா?"

"மூணு வருஷமும்."

"வர்றேன்."

இருபது நிமிடத்தில் வந்தார். பாம்பைக் கையில் எடுத்துத் தொண்டையோரம் காதை வைத்துக் கேட்டார். "சளி பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. முத்தல. மருந்து கொடுத்துரலாம். ஆனா இன்னைக்கே காஞ்ச இடத்துக்குப் போகணும், குளிர்ச்சியாவும் இருக்கணும். என் வீட்லயும் கூலர்தான். தீயணைப்பு நிலையக் கூடத்துலயும் கூலர். எங்க கொண்டுபோறது?" அவர் பாம்பைத் தொட்டியில் விட்டு, படிவத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "உங்களுக்கு வேற இடம் இல்லேன்னா, இங்கயே திரும்பப் பெறப்பட்டதுன்னு எழுதி வெளியூருக்கு அனுப்பித்தான் ஆகணும் வெல்டா."

வாசற்படியில் ஒஃபீலியா தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

"காஞ்ச இடம்னா எப்படி? மூக்குல ரத்தம் வர்ற அளவுக்குக் காஞ்ச இடமா?" என்று கேட்டாள் அவள். உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பார்க்காதீங்க. நான் ஒண்ணும் சொல்லல. அப்படிப் பார்க்காதேடி வெல்டா!"

"ஒஃபீலியா, ஏசி ஈரத்தை உறிஞ்சிரும். உன் வீட்ல…"

"பாம்பு! என் வீட்ல! என் அம்மா மேலேர்ந்து இறங்கி வந்து என்னை அடிப்பா."

தொட்டிக்குள் அந்தச் சொடுக்கொலி கேட்டது. ஒஃபீலியா வாசற்படியில் நின்றபடியே கழுத்தை நீட்டி, முதன்முறையாக அந்தப் பாம்பை நேராகப் பார்த்தாள்.

"என்ன சத்தம் அது?"

"மூச்சு" என்றாள் வெல்டா.

"என் புருஷனும் கடைசியில அப்படித்தான் விட்டான்." ஒஃபீலியா தட்டைத் தரையில் வைத்தாள். "வெயில் முடியுற வரைக்கும்தான். மூடிக்குப் பூட்டுப் போடணும். சாவி என்கிட்ட இருக்கணும். எலி கொடுக்கிறதெல்லாம் நீயே வந்து கொடுக்கணும், நான் அப்ப வெளிய போயிருவேன்."

ஒஃபீலியாவின் கூடத்தில் முள் இருபத்துமூன்றில் வந்து நின்றது. வெப்பம் இருபத்தேழு பாகை. வெல்டா இரண்டு முறை படித்துவிட்டு, தொட்டியின் உள்சுவரில் ஈரப்பதமானியை ஒட்டினாள். லோவல் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். வெல்டா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை அவர் மறுபடியும் எழுதலாம். எழுதினால் மறுக்க அவளிடம் இப்போது எதுவும் இல்லை.

"ஈரப்பதமானி தவறான இடத்தில் வைக்கப்பட்டிருந்தது" என்று அவர் வாய்விட்டுப் படித்தார். "வளர்ப்பவர் தாமே கண்டறிந்து உடனே தெரிவித்தார். இது அலட்சியம் இல்லை வெல்டா. தப்பு. ரெண்டும் வேற."

"அதையும் எழுதுங்க."

"எதை?"

"ரெண்டும் வேறன்னு. எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் எழுதினார். பேனாவை மூடும்போது தயங்கினார். "அந்தப் பழைய கடிதம்… அன்னிக்கு நான் வீட்டுக்கே வந்து பார்க்கல. கடையில என்ன சொன்னாங்கன்னும் கேட்கல. வேணும்னா கோப்புலேர்ந்து எடுத்துக் கிழிச்சிரட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் வெல்டா. "ஆவணத்தைக் கிழிக்கக் கூடாது. தேதிப்படி இருக்கட்டும். இது அதுக்கு மேல வரும்."

மருந்து பத்து நாள் கொடுத்தார்கள். லோவல் சோதனைக் காலத்தை ஒரு மாதம் நீட்டினார். சொடுக்கொலி ஒரு வாரத்தில் நின்றது. ஆனால் உண்மையான தேர்வு இரைதான் என்று வெல்டாவுக்குத் தெரியும். ஜூலை பதினாறில் விரல் அளவு எலி ஒன்று கொடுத்தாள். பாம்பு அதை விழுங்கியது. முதல் நாள் கக்கவில்லை. இரண்டாம் நாளும் கக்கவில்லை. முன்பு இரண்டு முறையும் மூன்றாம் நாள்தான் கக்கியிருந்தது. மூன்றாம் நாள் அவள் எந்தத் தெருவில் நடந்தாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. குறித்ததைப் பார்த்தபோது எண்கள் மட்டும் சரியாக இருந்தன. வேலை முடியும் நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"ஏண்டி வெல்டா, உன் மகாராணி ஒண்ணும் கக்கல. நல்லாச் சுருண்டு தூங்குறா. பயத்துல மூணு நாளா சோறு இறங்காதது எனக்குத்தான்."

"முள்ளு எங்க நிக்குது?"

"நான் எங்கடி கிட்டப் போய்ப் பார்த்தேன்? சோபா மேல நின்னு பார்த்தேன். இருபத்து என்னவோ."

"இருபத்து எவ்வளவு?"

"என்னவோன்னா என்னவோதான்!"

வெல்டா இரும்பு மூடியைக் காலால் தள்ளி மூடினாள். அவளே கண்ணால் படிக்காத அளவை அவள் குறிப்பேடு ஏற்றுக்கொள்ளாது. கொக்கியை வண்டியில் போட்டுவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஒஃபீலியாவின் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினாள்.