ஹோலன் வீட்டு நீலம்

என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ‘டொக், டொக்’ என்று சத்தம். பனிச்சரிவைக் கண்காணிக்கும் கூன்வோர், காபிக் குவளையின் அடியால் குண்டூசிகளைத் தட்டி இறுக்குகிறாள். பனி விடாமல் பெய்யும் நாட்களில் எங்கள் நகராட்சிக் கட்டடத்துக்கு இதுதான் காலை மணி.

பலகையில் ஐந்து கம்பளி நூல்கள். மலைச்சரிவின் கீழே இருக்கும் ஐந்து பண்ணை வீட்டாரும் தங்கள் கையுறையிலிருந்து பிரித்துக் கொடுத்தவை. ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே, பனி நகர்வதை அளக்கும் கருவி ஒன்று நிற்கிறது. அது அனுப்பும் அளவு திரையில் கோடாக ஓடும்; கோடு விறுவிறுவென்று ஏறினால் அந்த வீட்டின் மேல் பனி சரியப்போகிறது என்று அர்த்தம். கோட்டுக்கு அந்த வீட்டு நூலின் நிறம். அதை அச்சு அசலாகத் திரையில் கொண்டுவர கூன்வோர் மூன்று நாள்கூட உட்காருவாள். ஒருமுறை இரண்டு வீட்டார் பச்சை கொடுத்தார்கள். “ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. அவசரத்துல எது அக்கா எது தங்கச்சின்னு யாரு பாக்குறது? வேற கையுறை பின்னுங்க” என்று ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஐம்பத்தாறு வயது. சாம்பல் நிறம் தவிர வேறு அவள் உடுத்தி நான் பார்த்ததில்லை. “என் சட்டை நிறம் திரையில விழுந்தா கோடு பொய் சொல்லும்” என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து எய்ரிக் வந்திருந்தான். அதே ஐந்து நிறங்கள்தான். ஆனால் வீட்டின் பெயரோடு அவள் கட்டிவைத்திருந்த முடிச்சை அவிழ்த்து, முதல் கோட்டுக்கு முதல் நிறம், இரண்டாவதற்கு இரண்டாவது என்று மென்பொருளே வரிசையாகப் பங்கிடும்படி மாற்றிவிட்டான்.

“பாருங்க, எதுவுமே மாறல” என்றான்.

“இப்ப அஞ்சும் உயிரோட இருக்கு தம்பி. அதனால மாறல.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. சாலைக் காவலர் உட்முன். அவர் கைப்பேசியில் பெயர்கள் தெரியாது, கோடுகள் மட்டுமே.

“கூன்வோர், நீலம் கிடுகிடுன்னு ஏறுது. ஹோலன் வீட்டைக் காலி பண்ணப் போறேன். பாலத்துக்கிட்ட இருக்கேன்.”

கூன்வோர் திரையைப் பார்த்தாள். எனக்கும் வாசலிலிருந்து தெரிந்தது. நான்கு கோடுகள்! இரண்டாவதான ஹோலன் கருவி பனியில் புதைந்து ஊமையாகியிருந்தது. பின்னால் இருந்தவை எல்லாம் ஒரு நாற்காலி முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டன. நீலத்தை இப்போது உடுத்தியிருந்தது மூவென் வீடு. ஹோலனைப் போல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இல்லாமல் ஆற்றுக்கு இக்கரையில், பிறந்து பன்னிரண்டு நாளான இரட்டைக் குழந்தைகளோடு ஒரு தாய் இருக்கும் வீடு!

“பாலத்தைத் தாண்டாத! வண்டியைத் திருப்பு!”

“என்னது? நீலம் ஹோலன்தானே?”

“நிறத்தைப் பாக்காத, என் குரலைக் கேளு. மூவென். மூவென் வீடு. ஓடு உட்முன்!”

அப்புறம் பதினேழு நிமிடம். எய்ரிக்கின் உதடு வெளுத்திருந்தது. கூன்வோர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. மலைப்பக்கம் ஏதோ நீளமாக உறுமியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் கண்களை மூடிக்கொண்டேன்.

“மாட்டுக் கொட்டகை போச்சு” என்றது உட்முனின் குரல். பின்னால் இரண்டு குழந்தைகளின் வீறல். “ஆளுங்க எல்லாரும் என் வண்டியில. இதுங்க தொண்டையைக் கேட்டியா? காது போச்சு எனக்கு.”

கூன்வோர் ரிசீவரை வைத்தாள்.

எய்ரிக் உட்கார்ந்து, பழைய முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே போட்டான். கடைசியில் மெல்லக் கேட்டான்: “ஹோலன் கருவிதான் செத்துப்போச்சே. அந்த நீலத்தை எடுத்துடட்டுமா?”

“ஹோலன் கருவி மறுபடி பேசுற வரைக்கும் அதோட இடம் காலியா இருக்கட்டும். வேற யாரும் உக்காரக் கூடாது.”

அவன் தலையசைத்து, மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியேறினான். கதவு சாத்திக்கொண்டது. அந்தக் காற்றில் பலகையின் நீல நூல் மட்டும் எழும்பி ஆடியது. கூன்வோர் அதன்மேல் ஒரு விரலை வைத்து, அது அடங்கும்வரை எடுக்காமல் நின்றாள்.