சிவகாசி வெயிலில் ஸ்வெட்டர் ஊசி

கம்பளி நூல் வியாபாரத்துக்கு முதல் எதிரி வெயில். எங்கள் கடை இருப்பதோ சிவகாசியில்.

எங்கள் வீட்டுக்காரர் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். வளையல், ரிப்பன், பொட்டு எல்லாம் நன்றாகப் போகும். யாரோ ஒரு மொத்த வியாபாரி ஆசை காட்டினான் என்று நாலு மூட்டை உல்லன் நூலை இறக்கிவிட்டார். தொட்டாலே வேர்க்கிற சரக்கை யார் வாங்குவார்கள்? எனக்கோ சும்மா உட்காரத் தெரியாது. போனில் வீடியோ பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டேன். செவ்வாயும் வியாழனும் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் கடையின் பின்னறையில் வகுப்பு; நூல் வாங்கினால் பாடம் இலவசம். என்னை மாதிரி பின்னல் சொல்லித்தரப் போய், ஊசியையும் நூலையும் அடுத்தவர் கையில் கொடுத்து மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டி இறக்குற துண்டு

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் எளிமையாக இருக்க வேண்டும். கழுத்துக்குச் சுற்றும் மஃப்ளர்தான் வழக்கம். இந்த ஊரில் மஃப்ளர் என்றால் சிரிப்பார்கள். அதனால் அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற சதுரத் துண்டை முதல் பாடமாக வைத்தேன். இருபது கண்ணி போட வேண்டும், வரிக்கு வரி ஒரே பின்னல், சதுரமானதும் முடித்துவிடலாம். குழந்தைகூடப் போடும்.

முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் பட்டாசுக் கம்பெனியிலும் தீப்பெட்டிக் கம்பெனியிலும் கை தேய்ந்தவர்கள். அதில் பாக்கியம் இருபத்தைந்து வருடமாக வெடிக்குத் திரி வைக்கிறவள். அவள் கம்பெனி ஏதோ அனுமதிப் பிரச்சினையில் பூட்டிக் கிடந்தது. அவள் பின்னின வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. அரை மணியில் துண்டு முடிந்தது. ஆனால் இறுக்கின இறுக்கில் கண்ணியை விட்டு ஊசி வெளியே வரவே இல்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தோம். “மெதுவாப் போடு பாக்கியம், இங்க யாரும் எண்ணிக்கை கேக்கல” என்றேன். அவள் அடுத்த இருபது கண்ணியை ஏற்றிக்கொண்டே சொன்னாள்: “மெதுவாப் போட்டா கை சும்மா கெடக்குற மாதிரி இருக்குக்கா. கை சும்மா கெடந்தா மனசு எங்கிட்டாவது போயிருது.”

எந்தக் கை?

ஒரு மாதம் வகுப்பு நடந்த பிறகு, குன்னூரிலிருந்து உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்த ஒரு அம்மா கடையில் ரிப்பன் வாங்க நுழைந்தார். பின்னறையை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். “எப்படிங்க எல்லாருமே இடது கைக்காரங்களா அமைஞ்சாங்க?” என்று கேட்டார். நான் பார்த்த வீடியோ கண்ணாடி பிம்பம் மாதிரி இடவலம் மாறி எடுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. அதைப் பார்த்து நான் இடக்கையால் கற்றுக்கொண்டேன், என்னைப் பார்த்து மொத்த வகுப்பும்.

எனக்கு முகம் செத்துப்போனது. முதலிலிருந்து மாற்றிச் சொல்லித்தருகிறேன் என்று எழுந்தேன். பாக்கியம் தலையைக்கூட நிமிர்த்தவில்லை: “எந்தக் கையில பின்னுனதுன்னு சட்டிக்குத் தெரியவா போகுது, உக்காருங்கக்கா.”

தண்ணி பாட்டில் உறை

இரண்டாம் பாடம் பாட்டில் உறை. அடிப்பக்கம் வட்டமாக ஆரம்பித்து, மேலே குழாய் மாதிரி ஏற்றிக்கொண்டு போவது. இதைக் கற்றுக்கொள்ள ஒரு ஆம்பிளை வந்தார். பெயர் சண்முகவேல், அச்சு மிஷின் ஓட்டுகிறவர். காலண்டர் சீசன் முடிந்து வேலை குறைந்துவிட்டது. போதாததற்கு டாக்டர் பீடியை நிறுத்தச் சொல்லிவிட்டார். நூல் வாங்குகிற சாக்கில் வந்து, வாசலில் நின்று, விரலைத் தேய்த்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். உள்ளே வரக் கூச்சம். கடை முன்பக்கம் ஸ்டூலைப் போட்டு, கையில் ஊசியைக் கொடுத்தேன்.

மனுஷன் பெரிய தொந்தரவு. நாற்பதாவது வரியில் நிற்கும்போது நாலாவது வரியில் ஒரு கண்ணி விலகியிருப்பது கண்ணில் படும்; மொத்தத்தையும் பிரித்துவிடுவார். பாட்டில் உறையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றால், “அச்சுல நிறம் ஒரு நூல் விலகுனாலும் அது வேஸ்ட் ஷீட்டுதாங்க” என்பார். மூன்று வாரத்தில் ஒரே உறையை ஐந்து தடவை பிரித்தார். அவர் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கவலை. ஒரு நாள் அவர் மனைவியே வந்து நின்றார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். என்னை ஓரமாகக் கூப்பிட்டு மெல்லச் சொன்னார்: “பீடிய விட்டதுலருந்து வீட்டுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடந்துகிட்டே இருந்தாக பாயம்மா. நீங்க எத வேணாலும் பின்னச் சொல்லுங்க, அவுகள எந்திரிக்க மட்டும் விட்ராதீக.”

முழுக்கை ஸ்வெட்டர்

இது கை தேர்ந்தவர்களுக்கான பாடம். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நாலு துண்டாகப் பின்னிச் சேர்க்க வேண்டும். ஈஸ்வரி ஒருத்திதான் துணிந்தாள். அவள் மகன் ராணுவத்தில் சேர்ந்து, பனி மலைப் பக்கம் போகப்போவதாகச் சொல்லியிருந்தான். “அங்க எம்புட்டுக் குளிரும்க்கா?” என்று தினமும் கேட்பாள். நான் கொடைக்கானலைத் தாண்டாதவள், என்ன சொல்ல? ஒரு நாள், பின்னி முடித்த கையை மாட்டிக்கொண்டு பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்குப் போய், பெட்டியைத் திறந்து தோள் வரை உள்ளே விட்டுக்கொண்டு நின்றாள். கடைக்காரர் அலறினார். இவள் அசையாமல் நின்று நூறு வரை எண்ணிவிட்டுத்தான் கையை எடுத்தாள். அப்புறம் வந்து, குளிர் ஏறுகிறது என்று மொத்தக் கையையும் பிரித்து, இரட்டை நூலில் மறுபடி ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் பின்னி பார்சல் அனுப்பினாள். போய்ச் சேர்வதற்குள் பையனை ராஜஸ்தானுக்கு மாற்றிவிட்டார்கள். மகன் போன் பண்ணிச் சொன்னதை அடுத்த வகுப்பில் சொன்னாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினோம். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை: “பகல்ல நம்ம ஊரவிட வெயிலாம். ராவுல குளிருது, தினமும் அதத்தாம்மா போட்டுத் தூங்குறேங்குறான். எம் மனசுக்காகச் சொல்றான்னு எனக்குத் தெரியாதாக்கா?”

குழந்தைத் தொப்பி

எண்பது கண்ணி, நாலு விரல் உயரம், அப்புறம் கண்ணியைக் குறைத்துக்கொண்டே வந்து உச்சியில் முடிச்சு. ஒரே மத்தியானத்தில் முடியக்கூடியது. பாக்கியம் இதை மகள் செல்வியின் குழந்தைக்காக ஆரம்பித்தாள். செல்விக்கு ஐந்தாம் மாதம். இன்னொரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி மடிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணி இருக்கும். எங்கேயோ தூரத்தில் ‘டம்’ என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. ஒரே நேரத்தில் எல்லா ஊசியும் நின்றது, எல்லோரும் போனை எடுத்தார்கள். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. இரண்டு பேர் தெருவுக்கு ஓடினார்கள். ஈஸ்வரி மாடிக்குப் போய்ப் புகை தெரிகிறதா என்று பார்த்தாள். நான் தண்ணீர் எடுத்து வந்து, யாருக்கும் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். பாக்கியம் மட்டும் நகரவில்லை. போனை மடியில் போட்டுக்கொண்டு பின்னிக்கொண்டே இருந்தாள். குறைக்க வேண்டிய இடம் வந்தது, தாண்டிப் போனாள். சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. ஒரு மணி நேரம் கழித்து, அது கல்குவாரியில் வைத்த வெடி என்று தெரிந்தது. அதற்கப்புறமும் அவள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. செல்வி வேனை விட்டு இறங்கி, நேராக எங்கள் கடைக்கு வந்து நின்ற பிறகுதான் வைத்தாள்.

தொப்பி முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. செல்வி அதைத் தூக்கிப் பார்த்து, “ஏம்மா, பிள்ளையவே உள்ள போட்டுக் கட்டிரலாம் போலயே” என்று சிரித்தாள். பாக்கியம் சிரிக்கவில்லை. “நாளைலருந்து நீ போக வேணாம்” என்றாள். “நீ மட்டும் என்னைய வயித்துல வச்சுகிட்டுப் போகலயா?” என்று செல்வி கேட்டாள். “போனேன். அதான் சொல்றேன்” என்றாள் பாக்கியம்.

அடுத்த செவ்வாய் அம்மா பக்கத்தில் மகளும் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது சும்மா பேச்சுக்கு. பத்துக் கண்ணி போடுவாள், எழுந்து வாசலுக்குப் போவாள், வேன் ஹாரன் கேட்டால் எட்டிப் பார்ப்பாள். மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் பாக்கியம் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, செல்வி என் காதருகே வந்து சொன்னாள்: “அம்மாவுக்காகத்தாங்க்கா இங்கன உக்காந்திருக்கேன். பிள்ள பெறந்து தலை நின்னதும் நான் கம்பெனிக்குப் போயிருவேன். அப்ப எங்கம்மா உக்கார ஒரு எடம் வேணும்ல, வகுப்ப மட்டும் மூடிராதீக.”

இந்த ஊரில் கம்பளி எதற்கு விற்கிறது என்பதைப் பலகையில் எழுதினால் பலகை போதாது என்பதால், ‘உல்லன் நூல் கிடைக்கும்’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.