காணாமல் போன இஸ்பேட் சீட்டுகள்

2009-ம் வருஷம், ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சேலையூரில் என் வீட்டு ஹாலில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது.

நான் ரிட்டயர்டு கணக்கு டீச்சர். கணவர் தவறி மூன்று வருஷம் ஆகியிருந்தது, மகனுக்கு புனேயில் வேலை. எனக்கு இருந்தது ஒரே பைத்தியம், பிரிட்ஜ் சீட்டாட்டம். ஸ்டாஃப் ரூமில் மத்தியான இடைவேளையில் ஆடிப் பழகியது. நாலு பேர், ஆளுக்குப் பதிமூன்று சீட்டு, எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒரு கட்சி. ரிட்டயர் ஆனதும் ஆட ஆள் கிடைக்கவில்லை. நான் புலம்புவதைக் கேட்கச் சகிக்காமல் மகன்தான் இன்டர்நெட் போட்டுக் கொடுத்து, அதில் ஆடவும் சொல்லிக்கொடுத்தான்.

அதில் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு வேகப் போட்டி நடக்கும். மொத்தமே இருபத்தைந்து நிமிஷம். மற்ற மூன்று கையையும் கம்ப்யூட்டரே ஆடும். நாம் ஒரு சீட்டைப் போட்டால், கண் இமைப்பதற்குள் அது மூன்று சீட்டையும் போட்டுவிட்டு நமக்காகக் காத்து நிற்கும். வேறு வேறு ஊரில் இருப்பவர்களும் அதே நேரத்தில் அதே மாதிரி ஆடிக்கொண்டிருப்பார்கள். யார் எத்தனையாவது இடம் என்று வலது ஓரத்தில் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இருபத்தைந்து நிமிஷமும் நான் மனுஷியாகவே இருக்க மாட்டேன். போன் அடித்தாலும் எடுக்க மாட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சீட்டு வந்ததும் முதலில் எண்ணிவிடுவேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அது சட்டம். எண்ணாமல் ஆரம்பித்து நடுவில் ஒரு சீட்டு குறைந்தால் மொத்த ஆட்டமும் வீண். கம்ப்யூட்டர் பங்கு போடும்போது எண்ண வேண்டிய அவசியமே இல்லை, மகன்கூடக் கிண்டல் செய்வான். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

அன்றைக்கு முதல் இரண்டு ஆட்டமும் பிரமாதமாக அமைந்தன. பட்டியலில் நான்காவது இடம், அதுவரை அவ்வளவு மேலே நான் போனதே இல்லை. மூன்றாவது ஆட்டத்துக்குச் சீட்டு வந்தது. எண்ணினேன், பத்துதான் இருந்தது. திரும்ப எண்ணினேன், அப்போதும் பத்து. இஸ்பேட் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் இஸ்பேட் இறக்கியது. என்னிடம்தான் இல்லையே என்று ஒரு டைமனை அழுத்தினேன். அது நகரவே இல்லை. கையில் இஸ்பேட் இருந்தால் வேறு சீட்டு போட விடாது, அது அந்த விளையாட்டின் விதி. இல்லாத இஸ்பேடுக்கு நான் எங்கே போவேன்? நேரம் ஓடுகிறது, மவுஸைப் போட்டு அடிக்கிறேன், என் பெயர் பட்டியலில் சரசரவென்று கீழே இறங்குகிறது. அந்த ஆட்டத்தையே கைவிட்டு அடுத்ததற்குப் போனேன். அதில் ஒன்பதே சீட்டு.

என்ன அநியாயம் இது என்று ரத்தம் கொதித்தது. பக்கத்தில் வைத்த காபி டம்ளரையும் காணோம். சரி, சமையலறையிலேயே விட்டுவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கம், சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் ஆபீஸ் போய்விட்டாள் என்று நான் சத்தம் போட்டதில், இரண்டு வாரமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவளுக்குத்தானே கம்ப்யூட்டர் தெரியும், வேறு வழி? எழுந்து வாசலுக்குப் போகும்போது இடது தோள் கதவு நிலையில் நங்கென்று இடித்தது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன். இறங்கி வந்தாள். இந்த கம்ப்யூட்டர் என் சீட்டைத் திருடுகிறது, என்ன கோளாறு என்று பார்த்துச் சொல் என்றேன்.

அவள் திரையைப் பார்த்து எண்ணினாள். "ஆன்ட்டி, பதிமூணு இருக்கே" என்றாள்.

கணக்கு டீச்சருக்கே எண்ணச் சொல்லித்தருகிறாயா என்று எரிந்து விழுந்தேன். அவள் கோபப்படவில்லை, நிதானமாக வாசித்தாள். இஸ்பேடில் ஏஸ், ராணி, ஒன்பது, நாலு. அப்படி எதுவும் அங்கே இல்லை. பொய் சொல்கிறாளே என்று அவள் முகத்தைப் பார்க்க நிமிர்ந்தால், ஆளையே காணோம். குரல் மட்டும் வருகிறது.

"இங்கேதான் நிக்கிறேன் ஆன்ட்டி. தலையை இந்தப் பக்கம் திருப்புங்க."

இடது பக்கம் திருப்பினேன். முதலில் அவள் துப்பட்டா வந்தது, பிறகு அவள் முகம். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மேஜை மேல் ஆடை படிந்த காபி டம்ளர் வந்தது. திரையின் இடது ஓரத்தில் நாலு இஸ்பேடும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தலையை நேராக்கியதும் எல்லாம் போய்விட்டது. இருட்டாகவும் தெரியவில்லை, மங்கலாகவும் இல்லை. அந்தப் பக்கம் என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. மாதாவே, அந்தப் பயத்தை என்னவென்று சொல்வேன்!

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்த நிலையிலும், "ஆறு நிமிஷம்தான் பாக்கி, முடிச்சிட்டு வரேனே" என்றேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மனசு நினைத்தது போலிருக்கிறது. அவள் கை நீட்டித் திரையை அணைத்தாள்.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு ஆன்ட்டி. நாங்க கண்ணுலதான் கோளாறுன்னு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனோம்."

பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆட்டோ பிடித்தாள். கேம்ப் ரோடு சந்திப்பில் சரியான நெரிசல். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாமா ஆச்சு? கெட்டியா புடிச்சுக்கோமா" என்று சொல்லிவிட்டு, கிடைத்த சந்தில் எல்லாம் வண்டியை நுழைத்தார். முப்பது வருஷம் நடந்த ரோடு அது. அதில் ஒரு பக்கக் கடைகள் மட்டும்தான் எனக்கு இருந்தன. எதிரில் வந்த பஸ் பாதியாக வந்து, பாதியாகவே போனது. அவள் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள், நான் நேரே பார்த்தால் இல்லை. என் கையை அவள் பிடித்திருப்பதை மட்டும் உணர முடிந்தது. அதை விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். இனிமேல் பாதிதானா, இல்லை இந்தப் பாதியும் போய்விடுமா, மகனிடம் யார் சொல்வார்கள் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது.

குரோம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, இது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான். "பதினொண்ணு அஞ்சுக்குப் பதிமூணு சீட்டு இருந்துச்சு டாக்டர். அடுத்த ஆட்டத்துல பத்துதான்" என்றேன். அவர் நர்ஸைப் பார்த்த பார்வையில், எனக்குப் புத்தியும் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. அந்தப் பெண்தான் போட்டியையும் என் எண்ணும் பழக்கத்தையும் விளக்கினாள். டாக்டர் தன் வாட்சைப் பார்த்தார். அதன் பிறகு எல்லாரும் ஓடத் தொடங்கினார்கள்.

மூளையின் பின்பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அதைக் கரைக்க ஊசி போட்டார்கள். அந்த ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், ஆரம்பித்த நேரம் தெரியாமல் போயிருந்தால் போட யோசித்திருப்போம் என்று மறுநாள் டாக்டர் சொன்னார். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இடது பக்கம் கீழே ஒரு மூலை மட்டும் வரவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். இருக்கிறார் ஆன்ட்டி, ஆனால் அவருக்கு எதுவும் திரும்பி வரவில்லை என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வேறு என்ன செய்ய?

கல்யாணமாகி அவள் இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள். நான் இன்றைக்கும் ஆடுகிறேன், வேகப் போட்டிப் பக்கம் மட்டும் போவதில்லை. சீட்டு வந்ததும் எண்ணுகிறேன். சில நாள் எண்ணிக்கை பன்னிரண்டில் நின்றுவிடும். அப்போது கம்ப்யூட்டரைத் திட்டாமல் கழுத்தை இடது பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்று குறைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது என்னைத்தான் என்று, ஆயுசெல்லாம் பிள்ளைகளின் கணக்கைத் திருத்திய எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.