மாப்பிள்ளை கடை பெட்ரோல்

எங்கள் தெருவில் சொந்தக் கார் வைத்திருந்தவர் அன்வர் பாஷா அண்ணன் ஒருவர்தான். பழைய சின்ன கார். செஞ்சி பஸ் நிலையத்துக்கு வெளியே நிறுத்தி, அவலூர்பேட்டைக்கு ஆள் ஏற்றி ஓட்டுவார். அம்மாவுக்கு மருந்து, வீட்டுச் செலவு, தங்கை நிலோபரின் கல்யாணம் எல்லாம் அந்த வண்டி உழைத்ததுதான்.

நிலோபரைக் கொடுத்தது அவலூர்பேட்டையில். அவள் கணவர் ஜுபைர் சந்தைக்கு எதிரே கடை வைத்திருக்கிறார். ஆயில், டியூப், பஞ்சர் சாமான், அதோடு பாட்டிலில் பெட்ரோல். கல்யாணம் ஆனதிலிருந்து அன்வர் அண்ணன் வேறெங்கும் பெட்ரோல் போட்டதில்லை. பெட்ரோல் பங்கில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை கடையைத் தாண்டிப் போனால் அது அவமானம். அந்தப் பேச்சு நிலோபர் தலையில்தான் விழும்.

போன தை மாதம் ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஆள் நிறைந்து ஏற்றத்தில் ஏறும்போது மட்டும், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல என்ஜினுக்குள் கிண் கிண் என்று கேட்டது.

மெக்கானிக் சேரன் சிரித்தான். "இன்னாண்ணா, வண்டிக்குக் கொலுசு வாங்கி மாட்டினியா?"

"வயசான வண்டிடா. முனகுது."

"முனகல. நாக்கிங். பெட்ரோலு எங்க போட்ற?"

அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"சம்பந்தி வூட்டு சாப்பாடு மாதிரி, இன்னா போட்டாலும் வாயத் தொறக்காம துன்றியே!"

சேரன் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். நல்ல பெட்ரோல், தீப்பொறி மூட்டிய நெருப்பு வந்து தொடும்வரை காத்திருந்து சீராக எரியும். மண்ணெண்ணெய் கலந்தால் அது காத்திருக்காது. நெருப்பு வருவதற்குள் ஒரு மூலையில் தானாக வெடித்து பிஸ்டனைச் சுத்தியல் போல அடிக்கும். அந்த அடிதான் வெளியே கேட்கிறது.

சேரன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, கொஞ்சம் தள்ளி வைத்தான். சத்தம் சில நாள் அடங்கி, மறுபடியும் வந்தது. அன்வர் அண்ணன் ஏற்றம் வரும்போதெல்லாம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைக்கத் தொடங்கினார்.

நோன்புக்கு முன்னால் நிலோபரை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார். பின் சீட்டில் அவள் கணவர் கொடுத்தனுப்பிய அரிசி மூட்டைகள். ஏற்றம் வந்தது. அவர் பாட்டைக் கூட்டினார். அவள் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"அண்ணே, இது எத்தினி நாளா கேக்குது?"

"ஒண்ணும் இல்லம்மா. பழைய வண்டி."

"அவரு கலக்குறாருண்ணே. பின்கட்டுல மண்ணெண்ண கேன் வச்சி ஊத்துறத நானே பாத்தேன். உங்கிட்ட சொன்னா நீ சண்டைக்கு வருவ, என் பொழப்பு இன்னா ஆவும்னு கம்முனு இருந்துட்டேன்."

அண்ணன் சாலையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் தெரியும்மா. நான் கேட்டா உன்ன இன்னா பண்ணுவாரோன்னுதான்..."

"நிறுத்து வண்டிய."

"மேட்ட ஏறிட்டு நிறுத்துறேன்."

ஏறவில்லை. உள்ளே பெரிதாக ஒரு அடி விழுந்தது. நீலப்புகை கிளம்பி வண்டி நின்றுவிட்டது.

அவர் ஜுபைருக்குப் போன் போட்டார். "மாப்ளே, வண்டி நின்னுடுச்சி. ஆயில் பாக்காம உட்டுட்டேன், எம்மேலதான் தப்பு."

நிலோபர் போனைப் பிடுங்கினாள். "பொய் சொல்றாரு. உங்க கேனுதான் தின்னுடுச்சி வண்டிய."

ஜுபைர் போனை வைத்துவிட்டார்.

சேரன் என்ஜினைப் பிரித்தபோது பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்திருந்தது. அண்ணன் இப்போது வேறொருவர் வேனை ஓட்டுகிறார். நிலோபர் அம்மா வீட்டிலேயே இருக்கிறாள். பெருநாளுக்கும் ஜுபைர் வரவில்லை.

நேற்றும் அண்ணன் ஜுபைரைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"பேசுண்ணே," என்றாள் நிலோபர். "ஆனா ஆயிலு மேல பழி போடாத."

அவர் எண்ணை அழுத்தாமல் போனை மடியில் வைத்துக்கொண்டார்.