உமிக் குழாயைத் திருப்பிய றஊப்

மருதமுனையில் வயல் பக்கமாக இருந்த பளீல் ஹாஜியாரின் நெல் மில்லுக்கு மீசை முளைக்கும் வயதிலேயே வந்து சேர்ந்தவர் றஊப். அந்த மில்லில் அவர் கைபடாத ஆணி கிடையாது. ஆனால் மனைவி நாச்சியா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. முகத்துக்கு முன்னால் வந்து நின்று கதைக்க வேண்டும். சுனாமி அலை தன்னைப் புரட்டியபோது காதுக்குள் தண்ணீர் போய்க் கெட்டுவிட்டது என்று அவர் நம்பினார்.

மில் கட்டிய காலத்தில் சுற்றிலும் வயல்தான். சுனாமியில் கடலோரத்தில் வீடிழந்தவர்களுக்காகப் பிறகு அந்த வயலில் மண் நிரப்பி வீட்டுத் திட்டம் வந்தது. சண்டைக் காலத்தில் நெல் லொறிகள் சோதனைச் சாவடிகளில் மறிபட்டுக் கிடக்கும். மில் பாதி நாள் சும்மா கிடக்கும். சண்டை முடிந்து பாதை திறந்ததும் நெல் வந்து குவிந்தது. உமியை ஊதித் தள்ளுவதற்கு ஹாஜியார் பெரிய புளோவர் ஒன்று வாங்கிப் பூட்டினார். விடிகாலை சுபஹு முதல் அந்தி மஃரிபு வரை மில் ஓடியது.

முதல் வரிசை வீட்டில் பாலர் பாடசாலை நடத்திய ஜெனூபா, அயலவர்களையும் கூட்டிக்கொண்டு போய் மில்லின் சத்தம் பற்றி முறைப்பாடு செய்தாள்.

விசாரிக்க வந்தவர் சுற்றாடல் அதிகாரி மீனாம்பிகை, திருக்கோவில் ஊர்க்காரி. சத்தம் அளக்கும் மீற்றரை ஜெனூபாவின் படலையடியில் பிடித்துப் பார்த்துவிட்டு மில்லுக்குள் வந்தார்.

"சட்டம் விடுற அளவ விட நல்லாக் கூட இருக்கு ஹாஜியார். மூணு மாசம் தாறன். குறைக்காட்டி மில் ஓட ஏலாது."

ஹாஜியார் றஊபைப் பார்த்தார். "இது உன்ட வேல."

"எனக்குக் கேக்காத சத்தத்த நான் எப்படிக் குறைக்கிற?" என்று றஊப் சிரித்தார். ஆனாலும் வேலையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எஞ்சின்தான் குற்றவாளி என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நல்ல சைலன்சர் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டு மீனாம்பிகையைக் கூப்பிட்டார். மீற்றரில் இலக்கம் அசையவே இல்லை என்று சொல்லலாம்.

"ஒரு வித்தியாசமும் இல்ல காக்கா," என்று அண்ணன் முறை சொல்லி றஊபிடம் முறையிட்டாள் ஜெனூபா. "பிள்ளையள் பாடம் சொன்னா எனக்கு விளங்குதில்ல. கண்ண மூடினா கடல் வாற மாதிரியே இரிக்கி."

அந்தக் கடைசி வார்த்தை றஊபைத் தைத்தது. அந்தச் சத்தத்தை அவரும் ஒருநாள் கேட்டவர்தான்.

"எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. ஒவ்வொண்டாப் போட்டுப் பாப்பம்," என்றார் மீனாம்பிகை.

எஞ்சினை மட்டும் ஓட்டினார்கள், இலக்கம் சிறியது. அதை நிறுத்திவிட்டுத் தனி மோட்டாரில் ஓடும் புளோவரைப் போட்டார்கள். முழு மில்லும் ஓடினால் எவ்வளவு வருமோ, ஏறக்குறைய அவ்வளவும் அந்த ஒன்றிலேயே வந்தது.

"பெரிய சத்தம் இருக்கிறமட்டும் சின்னதக் குறைச்சிப் பிரயோசனமில்ல," என்றார் மீனாம்பிகை.

றஊப் உமிக் குழாயின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரனின் உடம்பு போல அது உதறியது. கையை எடுக்காமலே அதன் வாய்வரை நடந்தார். வாய் நேராக வீட்டுத் திட்டத்தைப் பார்த்திருந்தது. அந்தப் பக்கம் வெறும் வயலாய்க் கிடந்த காலத்தில் வைத்த திசை அது. பிறகு யாரும் மாற்றவில்லை.

அடுத்த கிழமையே வேலை தொடங்கியது. குழாயை வீடில்லாத மறுபக்கம் திருப்பி, உமி விழும் இடத்துக்கு இரட்டைச் செங்கல் சுவர் கட்டி, இடையில் மணல் நிரப்பினார்கள். லொறி டயரை வெட்டிப் புளோவரின் காலுக்கடியில் வைத்தார் றஊப். புளோவரின் உதறல் குழாய்க்குப் போகாமல் நடுவில் தார்ப்பாய் போன்ற தடித்த படங்குத் துண்டு ஒன்றைப் பிணைத்தார். கடைசியில் புளோவர் விசிறியில் பெல்ட் ஓடும் பெரிய புல்லி ஒன்றைப் போட்டு அதன் வேகத்தைக் குறைக்கப் போனபோதுதான் ஹாஜியார் மறித்தார்.

"உமி போகாட்டி?"

"போகும் ஹாஜியார். வேகம் கூடிப்போய்த்தான் இப்ப உமியோட அரிசியும் பறக்குது. வந்து பாருங்க."

ஹாஜியார் உமிக் குவியலுக்குள் கையை விட்டு அள்ளினார். உமியோடு முழு அரிசி மணிகளும் அகப்பட்டன. "பூட்டு," என்றார்.

மூன்று மாதத் தவணை முடிய முன்னமே மீனாம்பிகை மீண்டும் அளந்தார். இலக்கம் சட்டத்துக்குள் வந்திருந்தது. ஜெனூபா யன்னலைத் திறந்து வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது மீனாம்பிகை, "காக்கா, காத ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்க," என்றார். அவர் சொல்லுக்காகவே றஊப் போனார். சோதித்த டொக்டர், தண்ணீரால் வந்த கேடில்லை, வருசக்கணக்காய் மெசினுக்குப் பக்கத்தில் நின்றதால் வந்தது, இனித் திரும்பாது என்றார். கடல் மீது வைத்திருந்த ஒரு வழக்கை றஊப் அன்றுதான் மீளப் பெற்றார்.

மறுநாள் மில்லில் எல்லோருக்கும் காதுமூடி கொடுத்தார். மூட்டை தூக்கும் நிஸாம், "இதப் போட்டாப் பைத்தியக்காரன் மாதிரி இரிக்கும்," என்று மறுத்தான்.

"அப்ப வெளிய நில்லு. செவிடன் இங்க ஒருத்தன் போதும்," என்றார் றஊப்.

நிஸாம் போட்டுக்கொண்டான். கதை பரவி, கல்முனைக்குடியில் ஐஸ் கட்டி செய்யும் மில் வைத்திருந்தவர்களும் தங்கள் சத்தத்தைக் குறைத்துத் தரச் சொல்லி றஊபைத் தேடி வந்தார்கள். அதற்குள் அவரிடம் சத்தம் அளக்கச் சொந்தமாகவே ஒரு மீற்றர் இருந்தது.