தம்பியின் பெரிய பாதம்

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் டயர் கடையைக் கடக்கும்போது எழுந்த வாடை, என்னை எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலைக்கு இழுத்துப் போயிற்று. 1926 அல்லது 27 ஆக இருக்க வேண்டும். தட்டுகளில் உறைந்த ரப்பர் பால் வெள்ளைக் கட்டியாகத் தளதளத்துக் கிடக்கும். அம்மாவும் கூட வேலைபார்த்த ராக்காயி அக்காவும் அதை உருளைகளுக்கிடையே கொடுத்துச் சுற்றச் சுற்ற, நீரைக் கக்கிக்கொண்டு துணிபோல் நீண்டு வெளிவரும்.

காய்ச்சலில் பிழைப்பானா என்று எல்லோரும் பயந்திருந்த என் தம்பி, சற்றுத் தேறி, அன்று ஒரு கட்டியை மிதித்துவிட்டான். உருளைக்குள் போய் வந்ததும் அந்தச் சின்ன அடி வளர்ந்த ஆளின் பாதமாக நீண்டிருந்தது.

"பாருக்கா, ஒம்மவன் ஒரே சுத்துல மாப்பிள்ளை ஆயிட்டான்லா!" என்றாள் ராக்காயி அக்கா.

"சும்மா இருடி, கணக்குப் பாக்குற கிராணி வந்தா ஏசுவாரு," என்று சிரித்த அம்மா, அச்சை அழிக்க அதை மறுபடி உருட்டவில்லை.

அடுத்த மழையில் காய்ச்சல் திரும்பியது, தம்பி போய்விட்டான். அந்த ரப்பர் ஷீட்டும் அதற்குள் விற்பனைக்கு ஈப்போவுக்குப் போயிருந்தது.

ஷீட்டில் வரிவரியாகக் கோடு பதிக்கும் கடைசி உருளையில் போனால் எந்த அச்சும் தங்காது என்கிறார் ஆலையில் வேலைபார்த்த ஒருவர். தம்பியின் பாதம் தங்கியது என்றே அம்மா கடைசிவரை சொன்னாள். எது சரி என்று நான் இன்னும் உறுதி செய்யவில்லை.