கண் வைத்தியரிடம் கொண்டுபோன தும்புத்தடி

“நவம்பர் 14, வியாழன். பத்துச் சூட்டில் நான்கு, இலக்கின் கறுப்புக்கு வெளியே. துவக்கு நுனியில் உள்ள முன்குறி இரண்டாகத் தெரிகிறது. கறுப்பு வட்டம் நனைந்த காகிதத்தில் ஊறிய மை போல இருக்கிறது. கூடத்தில் வெளிச்சம் வழமைபோலத்தான். வலது கண் என்று நினைக்கிறேன்.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணையை அதில் குறிப்பிடவில்லை. ஆனால் வீட்டுக்குக் கார் ஓட்டி வரும் வழியெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஏறக்குறைய என்னுடைய இன்றைய வயதில்தான் அவருக்குக் கண் அழுத்த நோய் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் வலது கண் பார்வையின் பெரும்பகுதி போய்விட்டது. அந்த நோய் பார்வையின் ஓரத்திலிருந்து அரிக்கத் தொடங்கும், நடுவில் மங்கினால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும் என்று நான் வாசித்திருந்தேன். வாசித்தது பயத்துக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

இந்தத் துவக்குப் பழக்கம், துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவது, எனக்குப் பிந்தித்தான் வந்தது. கெபெக் மாகாணத்துப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்த காலத்தில், என்னோடு ஒரே வேலைமுறையில் நின்ற கெபெக்காரர் ஒருவர் தன்னுடைய கழகத்துக்கு என்னை ஒருநாள் கூட்டிப்போனார். நிலத்துக்குக் கீழே ஒரு நீளமான அறை. இருபது மீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசி அட்டை. புள்ளி இரண்டு இரண்டு என்று சொல்லப்படும் சின்னக் குண்டுத் துவக்கு. நான் துவக்குச் சத்தத்திலிருந்து தப்பி ஓடி வந்தவன். இங்கே அந்தச் சத்தம் நான் விரலை அசைத்தால் மட்டும் வந்தது, அசைக்காவிட்டால் வரவில்லை. அதற்காகவே திரும்பவும் போனேன். ஓய்வுபெற்ற பிறகும் நாங்கள் இருவரும் வியாழன் பிற்பகல்களை விட்டதில்லை.

துவக்கு வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் வாழ்க்கைத் துணையின் கையெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு. என் மனைவி பேனாவைக் கையில் எடுத்தார்.

“வைக்கிறன். ஆனா ஒரு கதை. குறி தெரியேல்லை எண்டுற அண்டைக்கு அது இந்த வீட்டை விட்டுப் போகவேணும். கண் தெரியாத மனுசன்ர கையில துவக்கு இருக்கக் கூடாது.”

“ஓம்,” என்றேன். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே அந்த நவம்பர் வியாழன் இரவு, சாப்பாட்டு மேசையில் அவர் “எப்பிடி?” என்று கேட்டபோது, “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு, கண்ணாடி பழசாகிவிட்டது, ஒன்று புதிதாகப் போட வேண்டும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நாங்கள் குடியிருப்பது நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில். கண்ணுக்குப் போவது மெற்றோ ரயிலில் சில தரிப்புத் தள்ளி, எங்கள் ஆட்கள் நிறையப் போகும் ஓர் இடத்துக்கு. அங்கிருக்கும் கண் வைத்தியர் இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் கதைப்பவர், ஆனால் கதைப்பவர். அவருடைய கூடத்தில் எப்போது போனாலும் கோயிலில் காண்கிற இரண்டு முகங்களாவது இருக்கும். படியேறும்போதே மனைவி என் கையைப் பிடித்தார்.

“இஞ்சருங்கோ, உள்ளுக்கை போய்த் துவக்கு கிவக்கு எண்டு கதைச்சிடாதேங்கோ. பின்னேரத்துக்கிடையில ரொறன்ரோவுக்குக் கதை போயிடும். இவர் என்னத்துக்கு இப்ப துவக்கு வாங்கினவர் எண்டு கேப்பினம்.”

எங்களுக்குள் அந்தச் சொல்லைப் பொது இடத்தில் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஊரிலேயும் சொன்னதில்லை, இங்கேயும் அந்தப் பழக்கம் விடவில்லை. எனவே வைத்தியப் பிள்ளை, “என்ன பாக்கிறதுக்குக் கண்ணாடி, அங்கிள்?” என்று கேட்டபோது நான் வாயைத் திறக்குமுன் மனைவி, “கொம்பியூட்டர் பாக்க” என்றார். கண்ணைச் சோதிக்கட்டுமா என்று கேட்டதற்கு, போன வருடத்துச் சீட்டு இருக்கிறது, அது போதும் என்று நான் சொன்னேன். சோதித்தால் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம்.

டிசம்பர் முதல் வியாழன் அந்தக் கண்ணாடியோடு போனேன். முன்குறி ஓரளவு ஒன்றாகியது. இலக்கு அட்டையோ முழுவதும் சாம்பல் நிறத் தோசையாகிவிட்டது. நடுவில் கறுப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வைத்துத்தான் சுட்டேன். மூன்று குண்டோடு நிறுத்தித் துவக்கைத் திறந்து வைத்துவிட்டு, பின்னால் கிடந்த வாங்குப் பலகையில் போய் இருந்தேன். மனைவியிடம் இனிச் சொல்லத்தான் வேண்டும் என்று தீர்மானித்தேன்.

கெபெக் நண்பர் வந்து பக்கத்தில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றி வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு யார் சுடுவார்கள், எழுத்து வேலை செய்கிறாயா என்று பிரெஞ்சில் கேட்டார். கணினிக்கு என்று சொல்லி வாங்கியதைச் சொன்னேன். பிறகு தன் துவக்குகளை ஒவ்வொன்றாக என் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். முதலாவதில் ஒரு சிறு கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி தெரிய வேண்டும், அதை இலக்கில் வைத்தால் சரி. என்னுடைய கண்ணில் கருவிழியின் வளைவு சீராக இல்லை, அதனால் எனக்கு அது புள்ளியாகத் தெரியவில்லை, நசிந்த தக்காளியாகத் தெரிந்தது. இரண்டாவதில் தூரக்காட்டி பூட்டியிருந்தது. அதன் வளையத்தைத் திருகித் திருகிச் சரிப்படுத்தியபோது, நான் சுட்ட மூன்று ஓட்டைகளும் ஊசி முனையால் குத்தினதுபோலத் தெளிவாகத் தெரிந்தன.

“தெரிகிறதா?”

“தெரிகிறது.”

“அப்படியானால் கெட்டது உன் கண் இல்லை. உன் கண்ணாடி. கண் கெட்டிருந்தால் எந்த வில்லையாலும் இவ்வளவு தெளிவு வராது.”

அவர் வைத்தியர் அல்ல. நாற்பது வருடம் பெட்டி ஏற்றியவர். அதனால் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் மூன்று வாரமாக இருந்த பயம் சற்றுக் குறைந்தது.

தூரக்காட்டியையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் வியாழக்கிழமைக் கூட்டம் வில்லை இல்லாத குறிகளால் சுடுகிற கூட்டம், நான் மட்டும் தனியாக நிற்க விருப்பமில்லை. அதற்கு அவர் மூன்றாவது துவக்கை எடுத்தார். என்னுடையதில் பின்குறி ஒரு திறந்த வெட்டு. வெட்டு, முன்குறி, இலக்கு என்று மூன்று தூரத்தில் இருப்பவற்றைக் கண் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். வயதான கண்ணால் அது முடியாது. அவருடையதில் பின்குறிக்குப் பதில் கண்ணருகே ஒரு தட்டு, அதில் ஒரு சிறு துளை. கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடி இல்லாதபோது விரலை மடக்கி அந்தத் துவாரத்தால் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்ப்பார்களே, அதே வேலைதான். துளைக்குள்ளால் பார்க்கும்போது மங்கல் குறைகிறது. பார்க்க வேண்டியதும் முன்குறி ஒன்றையே. கறுப்பு வட்டம் கொஞ்சம் மங்கலாகவே இருக்கலாம், இருக்கட்டும்.

“கண்ணிலிருந்து முன்குறிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து கண் வைத்தியரிடம் சொல்,” என்றார். “கணினி என்று சொல்லாதே.”

துவக்கைக் கண் வைத்தியரிடம் கொண்டுபோக முடியாது. சும்மா தூரத்தை மட்டும் சொன்னால், தலையை எப்படிச் சாய்க்கிறேன், வில்லையின் எந்த இடத்தால் பார்க்கிறேன் என்பது தெரியாது. ஆகவே ஜனவரியில் ஒருநாள் வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்தேன். இந்த ஊரில் தேங்காய்த் தும்பு கிடையாது, நுனியில் இருப்பது நீல நிறப் பிளாஸ்ரிக்கு. ஆனாலும் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். நுனியைக் கழற்றிவிட்டு, கன்னம் படும் இடத்தில் ஒரு துணியும், முன்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீக்குச்சியும் நாடாவால் ஒட்டினேன்.

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“தும்புத்தடியோட எங்க வெளிக்கிடுறியள்?”

“கண் டொக்டரிட்ட.”

“என்ன, அங்க கூட்ட ஆள் இல்லையாமோ?”

நான் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு குண்டு வெளியே போனதை, தோசையை, அண்ணையை. அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கோட்டை எடுத்தார்.

“கண்ணையும் சோதிக்கவேணும். சோதிக்காமல் திரும்பினால் நீங்கள் இஞ்ச வரத் தேவையில்லை.”

மெற்றோவில் அவர் என்னைத் தெரியாதவர்போல எதிர்ப்பக்க இருக்கையில் இருந்தார். தீக்குச்சி முறியாமல் தடியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நகரத்தில் மெற்றோவில் இதைவிடப் பெரிய சாமான்களைக் கொண்டுபோகிறார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் கோயிலில் மணி அடிக்கிறவர் இருந்தார். என்னையும் தடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன அண்ணை, ஓய்வெடுத்தாப் பிறகு புதுவேலையோ?”

நான் ஏதோ முணுமுணுக்கப் பார்த்தேன். மனைவி முந்திக்கொண்டார்.

“இவர் துவக்குச் சுடுறவர். கடதாசியில குறி பாத்து. அதுக்குக் கண்ணாடி போட வந்தனாங்கள்.”

யாரோ சஞ்சிகையின் பக்கத்தைப் புரட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மணி அடிக்கிறவர் கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “எங்க சுடுறது? புது ஆக்களைச் சேப்பினமோ?” என்று கேட்டார்.

உள்ளே வைத்தியப் பிள்ளை ஒரு மணிநேரத்துக்கு மேலாக என்னை வெளியே விடவில்லை. கண்ணின் அழுத்தம் பார்த்தார், நரம்பைப் படம் எடுத்தார், ஓரப் பார்வைக்கு ஒளிப்பொட்டுகள் காட்டிப் பொத்தானை அமத்தச் சொன்னார். கடைசியில் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

“அங்கிள், அழுத்தம் நோர்மல். நரம்பும் நல்லா இருக்கு. அண்ணைக்கு இருக்கிறபடியா வருசா வருசம் வரவேணும், ஆனா இப்ப ஒண்டும் இல்லை.”

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக் கைப்பையில் எதையோ தேடினார். தேடி எடுத்தது கைக்குட்டை.

“சரி, இப்ப கரபீனைத் தாங்கோ,” என்று தும்புத்தடியைக் காட்டினார் பிள்ளை. கெபெக்கில் அந்தச் சின்னத் துவக்கை அப்படித்தான் சொல்வார்கள். வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுகிற இரும்புச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, தடியைத் தோளில் வைத்து நடைபாதைக் கடைசியில் இருந்த எழுத்துப் பலகையைக் குறிபார்க்கச் சொன்னார். என் முகத்துக்கு மிகக் கிட்ட வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உங்கட பழைய கண்ணாடி மூண்டு தூரம் ஒண்டாச் சேத்தது. தலையைச் சரிச்சா நீங்கள் பாக்கிறது மூக்குப் பக்கத்து மேல்மூலையால. அங்க ஒண்டும் நேராத் தெரியாது. கொம்பியூட்டர்க் கண்ணாடி இன்னும் மோசம், அது மேசைத் தூரத்துக்கு. அன்ரி, நீங்கள் அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்?”

“நான் என்னத்தைக் கண்டன், பிள்ளை,” என்றார் மனைவி.

தூரப்பார்வைக்குரிய வில்லையின் பலத்தில் அரை டயொப்டர் மட்டும் கூட்டினார். தீக்குச்சி ஒன்றே ஒன்றாக, விளிம்போடு நின்றது. அதற்குப் பின்னால் எழுத்துகள் மங்கல்தான், ஆனால் எழுத்துகள். ஒரே தூரத்துக்கான வில்லை, உடையாத பிளாஸ்ரிக்கில், வில்லையின் மையத்தைத் தலை சரியும் பக்கத்துக்குத் தள்ளி வைத்து. இடது கண்ணை மூடி இறுக்க வேண்டாம், அந்தப் பக்க வில்லையில் மங்கலான நாடா ஒட்டினால் போதும். சட்டத்துக்கு என்னுடைய பழைய பெரிய சட்டமே சரி என்றார்.

பெப்ரவரியில் நண்பரின் துளைக்குறித் துவக்கை முறைப்படி பதிந்து என் பெயருக்கு மாற்றினோம். முதல் வியாழன் பத்துக் குண்டும் கறுப்புக்குள் விழுந்தன. கடதாசியை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“தெரிஞ்சுதோ?”

“தெரிஞ்சுது.”

“அப்ப அது இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, தும்புத்தடிக்கு நுனியைப் பூட்டித் தரச் சொன்னார். தீக்குச்சி ஒட்டிய இடத்தில் பசை இன்னும் இருக்கிறது.

ஒன்று மட்டும் மிச்சம். அன்று வைத்தியப் பிள்ளை கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை: தகப்பனாருக்கும் இந்த நோய் இருந்ததா? அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தவர். அது கண் அழுத்த நோயேதான் என்கிறார் அண்ணை. பாரிசில் இருக்கும் அக்காவோ, அப்பாவின் கண்ணில் ஒரு பிழையும் இல்லை, சண்டையில் இடம்பெயர்ந்தபோது அவருடைய கண்ணாடி தொலைந்துவிட்டது, பிறகு யாரோ கொடுத்த கண்ணாடியைத்தான் போட்டிருந்தார் என்கிறார். அவரை எந்தக் கண் வைத்தியரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டில் எது சரி என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.